செடிக் கணக்கெடுப்புப் படிவத்துக்கு ஒரு சொல்: நிலப்பற்று எண்ணா, தொல்நிலச் சார்பா?

மண்டபம், பள்ளி ஆசிரியை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுத்துவிட்டு, நாட்டுப் புல்லும் செடியும் மீண்டு வர விட்டிருக்கும் ஒரு கடலோர நிலத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செடிக் கணக்கு எடுக்கப் போகிறார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் போனால்தான் ஒருபருவச் செடிகள் பூவோடு கிடைக்கும். பங்குனியில் போனால் சருகைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே படிவம் இந்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும்.

மாதிரியாக வைத்துக்கொண்டது, அமெரிக்காவில் மீட்டெடுத்த பிரெய்ரிப் புல்வெளிகளில் மாணவர்கள் நிரப்பும் படிவம். சட்ட எண் (தரையில் வைத்துச் செடி பார்க்கும் சதுரச் சட்டத்தின் எண்), செடியின் பெயர், மூடிய பரப்பு, பூ உண்டா, காய் உண்டா என்பதுவரை தமிழில் வந்துவிட்டது. இடிப்பவை இரண்டு. ஒன்று, 'வீடி' (களைத்தன்மை உள்ளது) என்ற பத்தி. களை என்று போட்டிருக்கிறேன், நெஞ்சு ஒப்பவில்லை. மற்றொன்று 'கோஎஃபிஷியன்ட் ஆஃப் கன்சர்வேடிசம்'. குலையாத பழைய நிலத்தை ஒரு செடி எந்த அளவுக்கு நம்பி வாழ்கிறது என்பதற்குத் தரும் எண் அது, 0 முதல் 10 வரை. குப்பைமேட்டிலும் சாலையோரத்திலும் வருவதற்கு 0. உழாத, கிளறாத நிலத்தை விட்டால் வேறெங்கும் நிற்காததற்கு 10. சொல்லுக்குச் சொல் வைத்தால் 'பழமைவாதக் கெழு' ஆகிறது. இதைப் பிள்ளைகளிடம் கொடுக்க முடியாது. உதவுங்கள்.

இராமநாதபுரம், தாவரவியலாளர்:

அம்மா, பெயர் வைக்கும் முன் அந்த எண் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

சிகாகோ வட்டாரத்துக்காக ஸ்விங்க், வில்ஹெல்ம் என்ற இருவர் 1970-களில் கொண்டுவந்த முறை இது. ஒரு நிலத்தில் கிடைத்த நாட்டு இனங்களின் எண்களுக்குச் சராசரி எடுத்து, இனங்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, இரண்டையும் பெருக்குவார்கள். 16 இனம், சராசரி 5 என்றால் 20. 36 இனம், சராசரி 2 என்றால் 12. இனம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தும் இரண்டாவது நிலம் தாழ்கிறது. எங்கும் முளைக்கிற செடிகளால் மட்டும் நிரம்பிய நிலம் பச்சையாகத் தெரிந்தாலும் மீளவில்லை என்பதைக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று: ராக்வீட் என்ற சாலையோரச் செடி அந்த மண்ணிலேயே தோன்றியதுதான், ஆனாலும் சிகாகோ பட்டியலில் அதற்கு 0. ஆக இது பிறப்பைச் சொல்லும் எண் அல்ல, நடத்தையைச் சொல்வது.

ஓர் எச்சரிக்கை. எண்ணை அந்தந்த வட்டாரத்துச் செடியறிந்தவர்கள் கூடி உட்கார்ந்து இனத்துக்கு இனம் ஒதுக்குகிறார்கள். சிகாகோ எண்ணை நம் கடலோரத்து அடும்புக்கும் உமரிக்கும் தூக்கிவைக்க முடியாது. பிள்ளைகள் இந்த ஆண்டு 'எங்கும் வரும்', 'சில இடத்தில் வரும்', 'குலையாத இடத்தில் மட்டும்' என்று மூன்று படியில் குறித்தால் போதும்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

நண்பர்களே, நிலத்தையும் செடியையும் சேர்த்தே எண்ணிய மரபில் நின்றுகொண்டு 'பழமைவாதம்' வரை போவானேன்? கருப்பொருள் என்ற கருத்தே இதுதானே. அடும்பும் தாழையும் புன்னையும் நெய்தலுக்கு. திணை என்ற சொல் நிலத்தையும் ஒழுக்கத்தையும் ஒருங்கே குறிக்கிறது. 'திணைப்பற்றெண்' என்று வையுங்கள்.

அதற்கு மறுதலையும் தொல்காப்பியரிடமே இருக்கிறது:

எந்நில மருங்கின் பூவும் புள்ளும்
அந்நிலம் பொழுதொடு வாரா ஆயினும்
வந்த நிலத்தின் பயத்த ஆகும்.

தனக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வராத பூவும் பறவையும், வந்து சேர்ந்த நிலத்தின் பொருளாகவே கொள்ளப்படும் என்கிறார். மயங்குதல் என்றால் கலத்தல். எண் 0 வாங்கும் செடிக்கு 'மயங்குசெடி' என்று பெயரிட இதைவிட ஆதாரம் வேண்டுமா?

களை பற்றி ஆசிரியைக்கு நெஞ்சு ஒப்பாததும் சரியே. களை என்பது வினையடியிலிருந்து வந்த பெயர்: களையப்படுவது களை. 'பைங்கூழ் களைகட் டதனொடு நேர்' என்ற குறளில் களை தோன்றுவதே பயிருக்கு எதிர்நிலையில்தான். பயிரிடாத நிலத்தில் களை ஏது? அதே வினை 'களைகண்' என்ற சொல்லில் துன்பத்தைக் களைந்து காப்பவரைக் குறிக்கிறது. முகத்தில் களை என்கிறோமே, அது வேறு வழி வந்தது, இதோடு சேர்க்கக் கூடாது. உமரி என்ற பெயர்கூட உவர் என்பதன் வழியே உவரி, உமரி என்று வந்திருக்கும் என்பது என் துணிபு. உப்பு மண்ணின் செடி உப்பாலேயே பெயர் பெறுவது இயல்பு.

சாயல்குடி, களப்பணியாளர்:

ஐயா, உமரியை இன்னொரு நாள் பார்ப்போம். வெள்ளிக்கிழமை அச்சு.

களை வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. சிலர் 'ஆக்கிரமிப்புச் செடி' என்று எழுதுகிறார்கள், அதுவும் வேண்டாம். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள்தான் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டில் உலை கொதிக்க வைக்கும் மரத்தை ஆக்கிரமிப்பாளன் என்று படிவமே முன்கூட்டித் தீர்ப்பு எழுதிவிட்டால், பிள்ளை பார்த்து எழுதுவது குறைந்துவிடும். எத்தனை சட்டத்தில் முளைத்திருக்கிறது என்று எண்ணி எழுதட்டும். தீர்ப்பு பிறகு வரட்டும்.

'மயங்குசெடி' என்றால் பிள்ளைகள் தின்றால் மயக்கம் வரும் செடி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஊமத்தையைக் கொண்டுவந்து காட்டுவார்கள்.

சொல் தேடி வெகுதூரம் போக வேண்டாம். குப்பைமேனி, குப்பைக்கீரை என்று ஊரில் பெயர் வைத்தவர்கள் எந்த மண்ணில் வரும் என்பதைச் சேர்த்தேதான் வைத்திருக்கிறார்கள். எண் 0 வாங்குவது எல்லாம் 'குப்பைநிலச் செடி'. எதிர்ப்பக்கம் 'கன்னிநிலச் செடி'. கன்னிநிலம் என்றால் உழாத மண் என்று எல்லாருக்கும் புரியும்.

முள்மரம் பற்றி ஐயா விட்ட குறளை நான் சொல்கிறேன்: 'இளைதாக முள்மரம் கொல்க'. அதே அடியில் அடுத்த சொல்லாகக் 'களையுநர்' என்று வருகிறது, உங்கள் வினையடிக்குச் சான்று. கையால் பிடுங்கினால் வேரோடு வரும் பருவம் மழை ஈரம் இருக்கும்வரைதான். தரைமட்டத்தில் வெட்டினால் மண்ணுக்குள் இருக்கும் தூரிலிருந்து நாலைந்து கிளையாகக் கிளம்பும். ஆடுமாடு நெற்றைத் தின்று புழுக்கையிலும் சாணத்திலும் விதையைப் போட்டுவிட்டுப் போகும். ஆகவே எடுத்த நிலத்திலும் கன்று இருக்கும். படிவத்தில் 'கன்று / மறுதளிர்ப்பு' என்று இரண்டு கட்டம் தனியாக வேண்டும். கன்று என்றால் விதை வந்திருக்கிறது, மறுதளிர்ப்பு என்றால் தூர் சரியாக எடுபடவில்லை. மருந்து வேறு வேறு.

யாழ்ப்பாணம், பாடநூல் மொழிபெயர்ப்பாளர்:

வணக்கம். முதலில் கெழுவா குணகமா என்பதைத் தீர்க்க வேணும். நாங்கள் பாடநூல்களில் குணகம் என்று பாவிக்கிறோம், தமிழகத்தில் கெழு. ஆனால் பெருக்குவது சராசரியைத்தான். ஒரு செடிக்குத் தரும் இந்த எண் சமன்பாட்டில் மாறியைப் பெருக்க நிற்பதில்லை, அது வெறும் தரப்புள்ளி. ஆங்கிலத்தில் தவறாக வந்த சொல்லைத் தமிழில் ஏன் காப்பாற்ற வேணும்? 'எண்' போதும்.

திணைப்பற்று அழகான சொல், பொருள் பிசகுகிறது. அடும்பு நெய்தலை விட்டுப் போகாது, எனவே அதன் திணைப்பற்று உச்சம். ஆனால் அலையும் காற்றும் நாள்தோறும் கிளறும் மணலில்தான் அது முதலில் ஏறுகிறது. சாலை போட்டுக் கலைத்த மணலிலும் ஏறும். குலையாத நிலத்தைச் சார்ந்திருத்தல் வேறு, ஒரு வகை நிலத்தைச் சார்ந்திருத்தல் வேறு. கேட்டது முதலாவது. என் பரிந்துரை: 'தொல்நிலச் சார்பெண்'.

மதுரை, பேராசிரியர்:

அடும்பு பற்றிய மறுப்பு வலுவானது, திணைப்பற்றெண்ணைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 'சார்பெண்' கூடவே கூடாது. சார்பு, எண் என்று பிரிக்க வேண்டியதைச் 'சார் பெண்' என்று வாசிக்க எந்தப் பிள்ளைக்கும் ஒரு நொடி ஆகாது. புணர்ச்சி இலக்கணப்படி சரியாக இருப்பது மட்டும் கலைச்சொல்லுக்குப் போதாது. உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும்.

கன்னிநிலம் என்பதையும் ஏற்க இயலவில்லை. இந்தக் கரையில் மேயாத நிலமோ, பனை ஏறாத காடோ எங்கே இருக்கிறது? மனிதக் கால் படாத நிலம் என்று பிள்ளைகள் தேடிப் போனால் பத்தி முழுவதும் வெறுமையாக இருக்கும். 'நிலப்பற்று எண்' என்று பிரித்தே எழுதுங்கள்.

சாயல்குடி, களப்பணியாளர்:

நிலப்பற்று என்றால் மண்ணாசை. பத்திரப் பதிவு அலுவலகத்து ஆட்களுக்குத்தான் பொருந்தும். 'தொல்நிலச் சார்பு' என்று எண் இல்லாமல் விட்டால் பெண்ணும் வராது, ஆசையும் வராது.

இராமநாதபுரம், தாவரவியலாளர்:

பெயர் எதுவாயினும், ஒரே பத்தியில் இரண்டு கேள்வியைத் திணித்திருப்பதுதான் இவ்வளவு நேரச் சண்டைக்கும் காரணம். 'எங்கிருந்து வந்தது?' ஒரு பத்தி. 'இங்கே என்ன செய்கிறது?' இன்னொரு பத்தி. எருக்கு நம் மண்ணின் செடி, கலைந்த நிலமெல்லாம் அதன் வீடு. சவுக்கு வெளியிலிருந்து வந்தது, நட்ட வரிசையில் நிற்கிறது. நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்து கடற்கரை மணலில் தானாக விதைத்துக்கொள்கிறது. வெட்டுக்காயப்பூண்டு அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி, காயத்துக்குக் கசக்கிப் பிழியும் கை அது எந்த ஊர் என்று கேட்பதில்லை. பேராசிரியர் ஐயா சொன்ன 'வந்த நிலத்தின் பயத்த' இதற்கு அப்படியே பொருந்தும். இந்த நான்கையும் 'நாட்டுச்செடி / களை' என்ற இரண்டு கட்டத்தில் அடைக்க முடியாது.

படிவம் அச்சாகும் முன் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்:

சட்டத்துக்கு ஒரு மீட்டர் பி.வி.சி. குழாய்கள் வாங்கி முழங்கை இணைப்பில் செருகினால் உள்ளளவு ஒரு மீட்டரில் நிற்காது. செருகியபின் உள்விளிம்பை அளந்து குழாயை அறுக்க வேண்டும். நான்காவது பக்கத்தை ஒட்டாமல் விடுங்கள். மூன்று பக்கச் சட்டத்தை முட்புதருக்கு அடியில் நுழைத்துவிட்டு நான்காவதைப் பிறகு மாட்டலாம். முழுச்சட்டம் கையில் இருந்தால் பிள்ளைகள் முள் இல்லாத இடமாகப் பார்த்துப் போடுவார்கள், கணக்கு அங்கேயே கெட்டுவிடும். சட்டத்தை வீசி எறியவும் கூடாது. 50 மீட்டர் நாடாவைக் கடலிலிருந்து உள்நிலம் நோக்கி இழுத்து, 5 மீட்டருக்கு ஒரு சட்டம், இடம் வலம் மாற்றி மாற்றி.

அடும்பை எண்ணச் சொல்லாதீர்கள். ஒரே கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டுப் போகும், எது ஒரு செடி என்று யாராலும் சொல்ல முடியாது. இராவணன் மீசைப் புல்லும் அப்படியே. மூடிய பரப்பை மட்டும் ஆறு படியில் குறிக்கலாம்: 5 விழுக்காடு வரை, 25 வரை, 50 வரை, 75 வரை, 95 வரை, அதற்கு மேல். கூட்டினால் 100-ஐத் தாண்டலாம், ஒன்றின் மேல் ஒன்று படர்வதால். அது பிழை அல்ல என்று படிவத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் 100 வருவதற்காகத் திருத்திவிடுவார்கள்.

கன்றுப் பருவத்தில் சீமைக்கருவேலமும் நாட்டுக் கருவேலமும் குழம்பும். இரண்டுக்கும் கணுவில் இணைமுள் உண்டு. இலைக்காம்பிலிருந்து பிரியும் கிளைச்சோடியை எண்ணச் சொல்லுங்கள்: சீமையில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு, நாட்டில் மூன்றும் அதற்கு மேலும். பூத்துவிட்டால் எளிது, சீமைக்குக் கதிர்போல நீண்ட பூங்கொத்து, நாட்டுக்கு மஞ்சள் உருண்டை. வன்னிக்கு முள் கணுவில் அல்ல, கணுக்களுக்கு இடையில் சிதறி இருக்கும்.

மதுரை, பேராசிரியர்:

அடும்பை அடையாளம் காட்ட ஓர் அடி: 'மானடி யன்ன கவட்டிலை அடும்பின்'. குறுந்தொகை 243. படிவத்தின் பின்பக்கம் இடம் இருந்தால் போடுங்கள்.

இராமநாதபுரம், தாவரவியலாளர்:

போடலாம் ஐயா. நுனி பிளந்த இலை என்பதுதான் அந்தக் கொடிக்குக் களத்தில் முதல் அடையாளம்.

மண்டபம், பள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்துக்கு அனுப்பும் வடிவம் இது: களை என்ற பத்தி நீங்கியது. 'தோற்றம்' என்ற பத்தியில் நாடு, அயல், தெரியவில்லை என்று மூன்று கட்டம். 'இங்கே பரவல்' என்ற பத்தியில் தனியாக, கூட்டமாக, சட்டம் முழுதும். சீமைக்கருவேலத்துக்கு மட்டும் கன்று, மறுதளிர்ப்பு. கடைசிப் பத்தி 'தொல்நிலச் சார்பு', தாவரவியல் ஐயா சொன்ன மூன்று படியோடு. இதற்கு மூவர் ஆதரவு, நிலப்பற்றுக்கு ஒருவர். குலைவு என்றால் என்ன என்று அடிக்குறிப்பில் உழவு, மண் அள்ளுதல், வண்டித்தடம் மூன்றையும் எழுதியிருக்கிறேன். மேய்ச்சலைச் சேர்க்கவில்லை.

மதுரை, பேராசிரியர்:

பெரும்பான்மைக்குத் தடை நிற்கமாட்டேன், ஆனால் என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 'சார்பு' என்பது வலுவற்ற சொல். எதையும் எதனோடும் சார்த்தலாம். நிலம் குலைந்தால் அந்தச் செடி செத்துப்போகிறது என்ற செய்தி அதில் இல்லை, பற்றில் இருக்கிறது. மேய்ச்சலை விட்டதற்கும் காரணம் வேண்டும். ஆடு மேய்ந்த நிலம் குலைந்த நிலமா இல்லையா என்று முடிவு செய்யாமல் எந்தச் செடிக்கு மூன்றாம் படியைக் கொடுப்பீர்கள்?

சாயல்குடி, களப்பணியாளர்:

ஐயா, எத்தனை ஆடு, எந்த மாதம் என்று கேட்காமல் அதற்கு விடை இல்லை. நாடா இழுக்கும் இடத்தில் புழுக்கை கிடந்தால் ஒரு கோடு போடட்டும். படிவத்தின் ஓரத்தில் இடம் இருக்கிறதா அம்மா?