விமான நிறுவனமே ரத்து செய்த பயணம்: முகவரும் நிறுவனமும் மாறி மாறிக் கைகாட்டும்போது பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

கேள்வி: நெய்தல்

வணக்கம். நானும் என் மனைவியும் என் தாயாரும் மேற்கொள்ளவிருந்த வெளிநாட்டுப் பயணத்தை, புறப்பட 9 நாள்களே இருந்த நிலையில் விமான நிறுவனம் ரத்து செய்துவிட்டது. என் தங்கைக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. நிறுவனம் காட்டிய மாற்று விமானமோ இரண்டு நாள் கழித்துப் புறப்படுவது. அதுவரை காத்திருக்க மனம் இடம் கொடுக்காததால், வேறொரு நிறுவனத்தில் கூடுதல் கட்டணம் கொடுத்துச் சீட்டெடுத்துப் போய்ச் சேர்ந்தோம். தாயும் குழந்தையும் நலம். ஆனால் பழைய சீட்டுகளுக்குச் செலுத்திய பணம் இரண்டரை மாதமாகியும் வரவில்லை.

அந்தச் சீட்டுகளை ஒரு பயண முகவரின் இணையதளத்தில் கிரெடிட் கார்டு மூலம் எடுத்திருந்தேன். விமான நிறுவனத்தை அழைத்தால், முகவரிடம் எடுத்த சீட்டுக்கு முகவரையே கேளுங்கள் என்கிறார்கள். முகவரை அழைத்தால், நிறுவனம் இன்னும் பணத்தை விடுவிக்கவில்லை என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் தொலைபேசியை எடுப்பதால், முதலிலிருந்து முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முகவரின் செயலியில் என் முன்பதிவைத் திறந்தால் 'பயணத்தை ரத்து செய்க' என்ற பொத்தான் மட்டுமே இருக்கிறது. அதைத் தொட்டால், கட்டணத்தில் பெரும்பகுதியைப் பிடித்தம் செய்துகொண்டு எஞ்சியதைத் தருவதாக ஒரு தொகையைக் காட்டி, உறுதி செய்யச் சொல்கிறது. நான் உறுதி செய்யவில்லை. அவர்கள் ரத்து செய்த பயணத்துக்கு நான் எதற்காக ரத்துக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று கேட்டால், இது பணம் திருப்பித் தரப்படாத வகைச் சீட்டு என்று பதில் வருகிறது. இருக்கைத் தேர்வுக்கும் கூடுதல் பெட்டிக்கும் தனியாகச் செலுத்திய பணத்தைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

பணம் உண்மையில் யாரிடம் நிற்கிறது, யாரிடம் எந்தச் சொற்களில் கேட்டால் வேலை நடக்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: ஆலமரம்

நண்பரே, நான் பல ஆண்டுகள் டிக்கெட் வழங்கும் பணியில் இருந்தவன். முதலில், அந்தப் பொத்தானை நீங்கள் உறுதி செய்யாமல் விட்டது மிகவும் நல்லது, இனியும் தொடாதீர்கள். பயணி தானாக விலகும்போது தரப்படும் ரீஃபண்ட் ஒரு வகை, நிறுவனம் பயணத்தை நடத்தாததால் தரப்பட வேண்டிய ரீஃபண்ட் இன்னொரு வகை. இரண்டும் கணினியில் தனித்தனியாகவே பதிவாகின்றன. முதல் வகையில் சீட்டின் கட்டண விதிப்படி பிடித்தம் உண்டு. இரண்டாம் வகையில் அந்த விதிக்கு வேலையே இல்லை. 'பணம் திருப்பித் தரப்படாது' என்ற நிபந்தனை பயணி விலகினால் என்ன ஆகும் என்பதைச் சொல்வதே தவிர, நிறுவனம் பறக்காமல் இருந்தால் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வதில்லை. ஆனால் நீங்களே ரத்து செய்ததாக ஒருமுறை பதிவாகிவிட்டால், அதை மாற்றி எழுத வைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். நல்ல வலுவான கோரிக்கைகள் அந்த ஒரு தொடுதலில் வீணாவதைக் கண் முன்னே பார்த்திருக்கிறேன்.

பணம் யாரிடம் நிற்கிறது என்பதற்குத் தொலைபேசி தேவையில்லை. உங்கள் கார்டு கணக்கு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சீட்டெடுத்த நாளின் வரியில் விமான நிறுவனத்தின் பெயர் இருந்தால், முகவர் வெறும் இடைத்தரகர். நிறுவனமே உங்கள் கார்டில் பணம் எடுத்திருக்கிறது, அதுவே நேராகத் திருப்பிச் செலுத்த முடியும். முகவரின் பெயர் இருந்தால், முகவர் உங்களிடம் வாங்கிக்கொண்டு தன் கணக்கிலிருந்து நிறுவனத்துக்குக் கட்டியிருக்கிறார். அப்போது முகவர் ரீஃபண்ட் விண்ணப்பம் அனுப்ப வேண்டும், நிறுவனம் ஒப்புதல் தர வேண்டும், பிறகு ஐயாட்டா என்ற உலக விமான நிறுவனங்களின் கூட்டமைப்பு நடத்தும் பி.எஸ்.பி. என்னும் கணக்குத் தீர்வு முறை வழியாகத் தொகை முகவருக்கு வரவு வைக்கப்பட வேண்டும். இந்த மூன்றில் எந்தப் படியில் நிற்கிறது என்பதை யாரும் பயணியிடம் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். 'பணம் எப்போது வரும்' என்று கேட்டால் '7 முதல் 10 வேலை நாள்' என்ற மனப்பாடப் பதில்தான் வரும். பி.என்.ஆர். என்பது 6 எழுத்தும் எண்ணும் கலந்த முன்பதிவுக் குறியீடு மட்டுமே. பணம் ஒட்டியிருப்பது 13 இலக்க டிக்கெட் எண்ணோடு. அதன் முதல் 3 இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிப்பவை. அந்த எண்ணைச் சொல்லி, 'இந்தச் சீட்டின் கூப்பன் நிலை என்ன?' என்று விமான நிறுவனத்திடம் கேளுங்கள். கூப்பன் என்பது சீட்டில் ஒவ்வொரு விமானப் பயணத்துக்கும் உள்ள பதிவு. பயன்படுத்தப்படாமல் திறந்திருக்கிறது என்றால், முகவரின் விண்ணப்பம் இன்னும் முடிவு பெறவில்லை. பணம் திருப்பப்பட்டது என்றால், நிறுவனம் தன் பங்கை முடித்துவிட்டது. தொகை முகவரிடம் வந்திருக்கும், அல்லது வந்துகொண்டிருக்கும். வேறு சீட்டாக மாற்றப்பட்டது என்றால், உங்களைக் கேட்காமலே மாற்று விமானத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று பொருள். அதை ஏற்கவில்லை என்று உடனே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

இருக்கைக்கும் பெட்டிக்கும் செலுத்தியதற்குப் பெரும்பாலும் இ.எம்.டி. என்ற தனி ஆவணம் உண்டு. அதற்கும் 13 இலக்க எண் இருக்கும். டிக்கெட்டுக்கு ரீஃபண்ட் கேட்டால் அது தானாகக் கூடவே வந்துவிடும் என்று நம்ப வேண்டாம்; ஒவ்வோர் எண்ணையும் குறிப்பிட்டுத் தனியாகக் கேட்க வேண்டும்.

பதில் 2: முல்லை

முந்தைய பதிலில் நடைமுறை தெளிவாகச் சொல்லப்பட்டிருப்பதால், நான் விதிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எங்கிருந்து எங்கே பயணம் என்று நீங்கள் சொல்லவில்லை. பொருந்தும் சட்டம் அதைப் பொறுத்தே மாறும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும், ஒன்றியத்துக்கு வந்து சேரும் ஒன்றிய நிறுவனங்களின் விமானங்களுக்கும் 261/2004 எண்ணுள்ள ஒழுங்குமுறை பொருந்தும். பயணம் ரத்தானால், மாற்றுப் பயணமா பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பயணிக்கு. பணம் என்றால் 7 நாளுக்குள் தர வேண்டும். அமெரிக்காவுக்குள்ளும், அங்கிருந்தும், அங்கு நோக்கியும் செல்லும் விமானங்களுக்கு அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2024இல் புதிய விதி கொண்டுவந்தது. அதன்படி, பயணி மாற்றுப் பயணத்தையோ வவுச்சரையோ ஏற்காவிட்டால், கேட்காமலேயே பணத்தைத் திருப்ப வேண்டும்: கார்டு என்றால் 7 வேலை நாள், மற்ற வழிகள் என்றால் 20 நாள். முகவரா நிறுவனமா என்ற கேள்விக்கும் அதில் விடை உண்டு. கார்டு அறிக்கையில் எவருடைய பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு. இந்தியாவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகள், முகவர்கள் நிறுவனத்தின் பிரதிநிதிகளே என்பதால் முகவர் வழியே எடுத்த சீட்டுக்கும் ரீஃபண்ட் பொறுப்பு நிறுவனத்துக்கே என்று சொல்கின்றன. பணத்தைப் பிற்காலப் பயணத்துக்கான வரவாக வைத்துக்கொள்வதும் பயணியின் விருப்பமே, நிறுவனத்தின் விருப்பமன்று. முறையிடுவதற்கு இந்திய அரசின் ஏர்சேவா தளம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரீஃபண்ட் வேறு, இழப்பீடு வேறு. மோசமான வானிலை, வான்வெளி மூடல் போன்ற காரணங்களைக் காட்டி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். ஆனால் நடக்காத பயணத்துக்கு வாங்கிய கட்டணத்தை அதே காரணத்தைச் சொல்லி வைத்துக்கொள்ள முடியாது. சேவை மையத்தில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கி, 'சூழ்நிலை எங்கள் கையில் இல்லை' என்று ஒரே வரியில் இரண்டையும் மறுத்துவிடுகிறார்கள். பயணிகளும் அதை நம்பிப் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். உங்கள் பயணம் ஐரோப்பிய விதிக்குள் வருமானால், 14 நாளுக்கும் குறைவான அவகாசத்தில் ரத்து செய்திருப்பதாலும், மாற்று விமானம் இரண்டு நாள் தள்ளி இருந்ததாலும், ரீஃபண்டுக்கு மேல் தொலைவைப் பொறுத்து ஒருவருக்கு 250, 400 அல்லது 600 யூரோ இழப்பீடும் கேட்க இடமிருக்கிறது. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காமல், தனித்தனி மின்னஞ்சலாக அனுப்புங்கள். இழப்பீட்டு வாதம் நீளும். அதனோடு சேர்த்து ரீஃபண்டும் இழுபடக் கூடாது.

நெய்தல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் விமானம் புறப்படவிருந்தது ஐரோப்பிய ஒன்றியத்திலுள்ள ஒரு நகரிலிருந்து. கார்டு அறிக்கையில் முகவரின் பெயர்தான் இருக்கிறது. இன்று விமான நிறுவனத்திடம் டிக்கெட் எண்ணைச் சொல்லிக் கேட்டேன். எனக்கும் மனைவிக்கும் உரிய இரண்டு சீட்டுகளும் திறந்த நிலையிலேயே இருக்கின்றன, முகவரிடமிருந்து விண்ணப்பமே வரவில்லை என்றார்கள். இரண்டரை மாதம் காத்திருந்ததெல்லாம் அனுப்பப்படாத ஒரு விண்ணப்பத்துக்காக என்று அறிந்தபோது நெஞ்சு கொதித்தது.

கேள்வியில் குறிப்பிடாமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தாயாரின் சீட்டு மட்டும் நிறுவனத்தின் தளத்திலேயே தனியாக எடுத்தது. ரத்துச் செய்தி வந்த இரவில் வந்த இணைப்பைத் திறந்தபோது, 'வவுச்சராகப் பெறுக' என்ற பெரிய நீலப் பொத்தானும், அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் 'பிற வாய்ப்புகள்' என்ற சிறிய வரியும் இருந்தன. பதற்றத்தில் நீலப் பொத்தானை அழுத்திப் படிவத்தையும் நிரப்பிவிட்டேன். அதை இனி மாற்ற முடியுமா?

பதில் 3: வழித்துணை

தாயாரின் சீட்டைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். வவுச்சர் தருவதற்குப் பயணி கையொப்பமிட்ட ஒப்புதல் வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒழுங்குமுறை. ஆனால் இணையப் படிவத்தை நிரப்புவதும் அத்தகைய ஒப்புதலாகலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு ஒரு நிபந்தனையையும் வைக்கிறது: பணமாகவும் பெறலாம் என்ற தகவலைத் தெளிவாகவும் முழுமையாகவும் பயணியிடம் முன்வைத்திருந்தால் மட்டுமே அது ஒப்புதல். ஆகவே உங்கள் வாதம் அந்தச் சாம்பல் நிற வரியில்தான் இருக்கிறது. அந்த இணைப்பு இன்னும் திறந்தால் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். வந்த மின்னஞ்சலில் 'பணம்' என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். இல்லையென்றால், முழுத் தகவல் தரப்படாமல் பெற்ற ஒப்புதல் என்பதைச் சுட்டி, வவுச்சரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணம் தருமாறு எழுதுங்கள். அதுவரை வவுச்சரில் ஒரு பகுதியைக்கூடப் பயன்படுத்த வேண்டாம்.

மற்ற இரண்டு சீட்டுகளுக்கு, விண்ணப்பம் வரவில்லை என்று நிறுவனம் சொன்னதை மின்னஞ்சலில் எழுதி வாங்கி, அதை முகவருக்கு அனுப்பி, 7 நாள் கெடு கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் கார்டு வங்கியில் சார்ஜ்பேக், அதாவது செலுத்திய பணத்தை வங்கி வழியாகவே திருப்பி எடுக்கும் முறை, கோரலாம். காரணம், பணம் செலுத்திய சேவை வழங்கப்படவில்லை என்பது. விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு அமைப்புகளின் விதிப்படி இதற்குப் பொதுவாக, சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாள் வரை கெடு உண்டு. வங்கிகள் தங்களுக்கென்று அதைவிடக் குறைந்த கெடு வைப்பதும் உண்டு. நீங்கள் ஏற்கெனவே இரண்டரை மாதத்தைக் கடந்துவிட்டீர்கள். 'இன்னும் 2 வாரம் பொறுங்கள்' என்று முகவர் சொல்லச் சொல்ல அந்தக் கெடுதான் கரைகிறது, ஆகையால் கடைசி நாளைக் காலண்டரில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு ரத்துச் செய்தி, டிக்கெட், நீங்கள் கேட்டதற்கும் அவர்கள் மறுத்ததற்கும் ஆதாரம் ஆகியவை போதும். நீளமான வரலாறு வேண்டாம். தொலைபேசியில் பேசியது எதுவும் ஆதாரமாகாது என்பதால், ஒவ்வோர் அழைப்பு முடிந்ததும், 'இன்று இன்ன நேரத்தில் நீங்கள் சொன்னது இது' என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுவது என் வழக்கம்.

பணம் அனுப்பிவிட்டோம் என்று முகவர் சொல்லும் நாளில், ஏ.ஆர்.என். என்ற 23 இலக்க எண்ணைக் கேளுங்கள். கார்டுக்கு உண்மையாகவே அனுப்பப்பட்ட தொகை என்றால் அந்த எண் இருக்கும், அதைக் கொண்டு உங்கள் வங்கியால் தேட முடியும். எண் தர மறுத்தால் இன்னும் அனுப்பவில்லை என்றே கொள்ளுங்கள்.

நெய்தல்

இன்றைய நிலவரத்தைப் பதிவு செய்கிறேன். விண்ணப்பம் வரவில்லை என்ற நிறுவனத்தின் மின்னஞ்சலை முகவருக்கு அனுப்பிய மூன்றாம் நாள், அவர்கள் இரண்டு சீட்டுகளுக்கும் ரீஃபண்ட் விண்ணப்பம் அனுப்பினார்கள்; முதலில் அதிலும் ரத்துக் கட்டணத்தைக் கழித்திருந்தார்கள். ரத்து செய்தது நிறுவனம், நான் அல்ல என்று நிறுவனத்தின் செய்தியை இணைத்து எழுதிய பிறகு திருத்தினார்கள். நேற்று ஏ.ஆர்.என். கேட்டபோது ஒரு நாள் அவகாசம் கேட்டு, இன்று காலை அனுப்பினார்கள். வங்கியில் அந்த எண்ணைக் கொடுத்தேன். இரண்டு சீட்டுகளின் முழுத் தொகையும் மாலைக்குள் கணக்கில் ஏறியது.

தாயாரின் சீட்டுக்கு வந்த மின்னஞ்சலில் பணமாகப் பெறலாம் என்ற சொல் எங்குமே இல்லை. அதைச் சுட்டி எழுதியிருக்கிறேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. இருக்கைக்கும் பெட்டிக்கும் உரிய இ.எம்.டி. எண்களைப் பழைய ரசீதில் கண்டெடுத்துவிட்டேன். அவற்றுக்கான கடிதமும் இழப்பீடு கோரும் கடிதமும் இன்று இரவு தனித்தனியாகப் போகின்றன.