ஒற்றுமையா, ஒப்புமையா, ஒப்பெண்ணா?

அனைவருக்கும் வணக்கம்.

கைபேசி ஒப்பீட்டுத் தளத்தைத் தமிழாக்கும் வேலையில் இந்த ஒரு சொல்தான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கைபேசியின் பக்கத்தைத் திறந்தால் கீழே "இதற்கு மாற்றாக" என்று நாலைந்து வரிசையாக வருமே, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 0.87, 0.74 என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுக்குத்தான் பெயர் வேண்டும். பரிந்துரை, மாற்று இரண்டிலும் யாருக்கும் பேச்சில்லை, இரண்டு கைபேசிகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் சிமிலாரிட்டி ஸ்கோரில்தான் தகராறு. இழையில் இதுவரை வந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"ஒற்றுமை மதிப்பு" வேண்டாம். ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிற படத்துக்கு அது சரி, ஆனால் திரையில் "ஒற்றுமை 87%" என்று வந்தால் இரண்டு கைபேசியும் சண்டை போடாமல் இருக்கின்றன என்றுதான் தோன்றும். "நிகர்மை" கேட்க அழகு. ஆனால் நிகர் என்றாலே சமம் என்ற பொருள் முன்னால் வந்து நிற்கிறது, போதாக்குறைக்கு நிகர லாபம், நிகர எடை வேறு. "போன்மை" எனக்கு உண்மையிலேயே பிடித்த சொல். வேறு எந்தத் துறையாக இருந்தாலும் கையைத் தூக்கியிருப்பேன். கைபேசித் தளத்தில் போன்மை என்று போட்டால்? என் தங்கையிடம் காட்டினேன், "போனோட தன்மையா?" என்றாள். முடிந்தது கதை.

"ஒப்பளவு" என்பதில் எனக்கு வேறு தயக்கம். ஒப்படர்த்தி, ஒப்பு ஈரப்பதம் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம், அங்கே ஒப்பு என்றால் இன்னொன்றோடு வைத்துச் சொல்கிற அளவு. அந்தப் பழக்கத்தில் இதையும் அப்படியே படிப்பார்கள்.

என் பரிந்துரை: தன்மைக்கு ஒப்புமை, எண்ணுக்கு ஒப்பெண். மதிப்பெண் எப்படியோ அப்படி.

ஒப்புமை உவமைப் பக்கம் சாய்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். சாயட்டுமே! தொல்காப்பிய உவமவியல் உவமையை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறது: செய்கிற வேலை, தருகிற பலன், வடிவம், நிறம். ஐபோன் எஸ்இ-யின் 2020 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு 2017-இல் வந்த ஐபோன் 8-உடையது, அதே 4.7 அங்குலத் திரை, அதே 148 கிராம். உள்ளே இருப்பதோ 6.1 அங்குல ஐபோன் 11-இல் இருக்கும் ஏ13 சில்லு (செயலி என்று எழுதினால் ஆப் என்று படிப்பீர்கள், அந்தச் சண்டையை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம்). மெய்யால் 8 போல, வினையால் 11 போல. ஆக எந்த அம்சத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறோம் என்பதைப் பொறுத்து ஒப்பெண் மாறும்.

கணக்கு பெரிய மந்திரமில்லை. புள்ளியியலாளர் கௌவர் 1971-இல் சொன்ன முறையில், பட்டியலில் விலை 10,000 முதல் 60,000 ரூபாய் வரை இருந்தால் வீச்சு 50,000. 15,000 ரூபாய்க் கைபேசிக்கும் 20,000 ரூபாய்க் கைபேசிக்கும் வித்தியாசம் 5,000, வீச்சால் வகுத்தால் 0.1, ஒன்றிலிருந்து கழித்தால் 0.9. இயங்குதளம் ஒன்றானால் 1, வேறானால் 0. எல்லாவற்றுக்கும் அந்தந்த முக்கியத்துவப்படி சராசரி எடுத்தால் ஒப்பெண். வீச்சால் வகுக்காமல் வெறும் வித்தியாசங்களை அப்படியே கூட்டினால் விலை மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும், 8 ஜிபி நினைவகம் அதன் முன்னால் எம்மாத்திரம்?

ஆனால் ஒன்று, ஒப்பெண்ணுக்குப் பதில் "மாற்றெண்" போடலாமே என்ற யோசனையை மட்டும் கைவிடுங்கள். 4,000 எம்ஏஎச் மின்கலத்தோடு பழகியவருக்கு 5,000-ஐக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், 5,000 வைத்திருப்பவரிடம் 4,000-ஐ நீட்டிப் பாருங்கள். ஒப்பெண் இரண்டு பக்கமும் ஒன்றேதான், மாற்று அப்படியில்லை. நாளைக்கே ஒன்றுக்கு இன்னொன்று எவ்வளவு மாற்றாகும் என்கிற இரண்டாவது எண்ணையும் தளத்தில் சேர்த்தால் அதற்குச் சொல் வேண்டுமே, மாற்றெண்ணை அதற்காக விட்டுவைப்போம்.

வெள்ளிக்கிழமை கோப்பை அனுப்ப வேண்டும். ஒப்பெண் யாருக்காவது உறுத்தினால் அதற்குள் எழுதுங்கள். "அதென்ன, ஒப்பு பெண்ணா?" என்ற கிண்டல் மட்டும் வேண்டாம், அதையெல்லாம் மதிப்பெண் எப்போதோ தாண்டி வந்துவிட்டது.