‘கருத்துகள்’ வேண்டாம், ‘பற்றுத்துகள்’ சரியா?

புலவர் ஐயாவுக்கு வணக்கம்.

சிமென்ட் இறுகும்போது உண்டாகும் பொருள் படிந்து வளர இடம் தரும் நுண்துகளுக்கு நம் கலைச்சொல் குழு பெயர் தேடுகிறது. கருவாக அமையும் துகள் என்பதால் ‘கருத்துகள்’ என்றீர்கள். புணர்ச்சியில் பிழையில்லை. ஆனால் ‘கருத்துகள் சேர்த்தால் சிமென்ட் விரைந்து இறுகும்’ என்று எழுதிப் பாருங்கள். அது உண்மையானால் நம் குழு இந்நேரம் பவானியில் இன்னோர் அணை எழுப்பியிருக்கும்.

பெருந்துறையில் ஹாலோபிளாக் பட்டறை வைத்திருக்கிறேன். சிமென்டில் ஒரு பங்கைக் குறைத்து, மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்க்கிறோம். சாம்பல் சேர்ந்தால் தொடக்க வலு மெதுவாகத்தான் ஏறும். மார்கழிக் குளிரில் மறுநாள் காலை கல்லைத் தூக்கினால் முனை உதிர்ந்து கையோடு வரும். இறுகுதலை விரைவுபடுத்தச் சோதனைக்குக் கொஞ்சம் நானோ சிலிக்காத் தூள் (மணலில் உள்ள சிலிக்காவின் மிக நுண்ணிய வடிவம்) வாங்கினேன். முதல் தடவை அப்படியே கலவையில் கொட்டிவிட்டேன். கல்லை உடைத்தால் உள்ளே கடுகளவு வெள்ளைக் கட்டிகள்! அடுத்த முறை நீரில் நன்றாக அடித்துப் பிரித்த பிறகே ஊற்றினேன்.

சிமென்டும் நீரும் வினைபுரிந்து உண்டாகும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட்தான் கல்லுக்கு வலு. வழக்கமாக அது சிமென்ட் மணிகளின் மேல் படிந்து வளரும். இடையில் நானோ துகள் கிடந்தால் அதன்மேலும் படியத் தொடங்கும். ஒரு கிராம் சிமென்டின் மொத்தப் பரப்பு அரைச் சதுர மீட்டர்கூட இராது. நானோ சிலிக்காவுக்கு 200 சதுர மீட்டர்கூட இருக்கும். கற்கண்டுப் பாகில் நூல் கட்டித் தொங்கவிடுகிறோமே, அதே வேலைதான். பற்றி வளர இடம் தருவதால் ‘பற்றுத்துகள்’ என்கிறேன்.

*

தம்பி, அணை நன்றாகவே இருந்தது! ஆனால் நூல் கற்கண்டுக்குள் நூலாகவே கிடக்கும். சிலிக்கா அப்படிக் கிடக்குமா? பாலுக்குப் பிரைமோர் விடுவதுபோல ‘பிரைத்துகள்’ என்றால் என்ன?

*

ஐயா, மடக்கிவிட்டீர்கள். சிமென்ட் வினையில் வெளிப்படும் நீர்த்த சுண்ணாம்போடு சேர்ந்து சிலிக்காவும் செலவழிந்துவிடும், உண்மைதான். ஆனால் டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள் அப்படி வினைபுரியாது. இருந்தும் இறுகுதலை விரைவுபடுத்துகிறது. ஆகவே பெயர் பொருளுக்கன்று, அது செய்யும் வேலைக்கு.

‘பிரைத்துக’ளை விடவும் மனமில்லை. பிரை என்பது தயிரை இட்டுத் தயிர் வாங்குவது. கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட்டையே நுண்துகளாக்கிச் சிமென்டில் இடும் சேர்மானமும் இருக்கிறது. அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. நம் கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் தனித்தனி வரியாகச் சேர்த்துவிடட்டுமா?