வைக்கோல் அல்லாத ஒன்றுக்குப் பெயர் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

ஊட்டியில் சவாரிக் குதிரை வைத்துப் பிழைப்பவர்களுக்காகத் தீவனக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்து ‘ஹே’ (hay) என்பதற்கு என்ன எழுதுவது? அகராதிகள் ‘வைக்கோல், உலர்ந்த புல்’ என்று இரண்டையும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ‘ஸ்ட்ரா’வுக்கும் (straw) வைக்கோல்தான். கையேடு முழுக்கச் சொல்வதோ, முன்னது சாப்பாடு, பின்னது பெரும்பாலும் படுக்கை என்பதை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்ல?

அன்புடன்,
இரா.

---

இரா. ஐயா, வணக்கம்.

தயவுசெய்து வைக்கோல் என்று அச்சடித்துவிடாதீர்கள். நான் கால்நடை மருத்துவர், அனுபவத்தில் சொல்கிறேன். படிப்பவர் நேராகப் போய் நெல் வைக்கோல் கட்டுதான் வாங்கி வருவார். மாட்டுக்கு அதைப் போட்டு ஓட்டிவிடலாம். அசைபோட்டு, முன்வயிற்றிலேயே நொதிக்க வைத்துக்கொள்ளும். குதிரைக்கு இருப்பது ஒற்றை இரைப்பை. 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். நாரைச் செரிக்கும் வேலை எல்லாம் பின்னால், பெருங்குடல் பக்கம் நடக்கிறது.

நெல் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். சிலிக்கா அதிகம். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே தவிட்டையும் அள்ளிப் போட்டால் பாஸ்பரஸ் ஏறி, உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவ ஆரம்பிக்கும். முகத்தெலும்பு வீங்கிப்போன குதிரைகள் அப்படி ஆனவைதான். தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில் இந்த முரட்டு நார் குடலை அடைத்துக்கொண்டால் இன்னும் மோசம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது.

நீங்கள் கேட்கும் பொருள் வேறு. புல் பூக்கும் பருவத்தில், இலையும் சத்தும் இருக்கும்போதே அறுத்து, ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்துக் கட்டுவது. நல்ல புல்லாக இருந்தால் புரதம் 8 முதல் 12 சதவீதம். குதிரை மசால் என்கிற தீவனச் செடியாக (ஆங்கிலத்தில் லூசர்ன்) இருந்தால் 15க்கு மேல். (அந்தச் செடிக்கு நம் ஊரில் குதிரையின் பெயர், போடுவதோ மாட்டுக்கு!)

பால்பண்ணைக் கையேடுகளில் ‘உலர்தீவனம்’ இருக்கிறது. ஆனால் வைக்கோல், சோளத்தட்டை, கடலைக்கொடி எல்லாமே அதற்குள் அடக்கம். உங்களுக்கு உதவாது.

சு.

---

ஐயாவுக்கு,

எங்கள் நாஞ்சில் நாட்டில் மீனை உணக்குவோம், நெல்லை உணக்குவோம். உணங்குதல் தானாகக் காய்வது, உணக்குதல் நாம் காயவைப்பது. ‘உணக்குப்புல்’ என்று வைத்தால் என்ன? காயப்போட்ட தானியத்துக்கு உணங்கல் என்ற பெயர் பழைய இலக்கியத்திலேயே உண்டு. மலையாளத்துக்காரரும் கேட்ட உடனே புரிந்துகொள்வார்.

ப.

---

வணக்கம் ஐயா, யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன்.

ப. அண்ணை தன்வினை, பிறவினை எண்டு பிரிச்சதுதான் முக்கியமான இடம். நெடுந்தீவிலை கட்டாக்காலியாத் திரியிற மட்டக்குதிரையள் கோடையிலை மேயுறதும் காஞ்ச புல்லுத்தான். ஆனா அது விதை கொட்டி, நிண்ட நிலையிலையே செத்த புல்லு. வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. ‘உலர்புல்’ எண்டு எழுதினா அதுவும் இதுவும் ஒண்டாப் போயிடும். ஆள் வெட்டிக் காயவைச்சது எண்டது பேரிலையே தெரியவேணும்.

த.

---

அன்புள்ள எல்லோருக்கும்,

உணக்குப்புல் அழகான சொல். ஆனால் நெல்லைக்கு வடக்கே அதை விளக்கித்தான் ஆகவேண்டும். ஊட்டியில் சொன்னால் என்னை விநோதமாகப் பார்ப்பார்கள்.

நேற்றிரவு வேறொன்று தோன்றியது. சைலேஜுக்கு நம் உழவர்கள் ‘ஊறுகாய்ப்புல்’ என்கிறார்கள். காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைத்த புல். அதைவிடப் பொருத்தமான பெயர் யாராலும் வைத்திருக்க முடியாது. அதே அடுக்களையில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இருப்பது என்ன? வற்றல். சுண்டைக்காயை முற்றவிடாமல் பறித்து, வெயிலில் போட்டு, அடுத்த பருவத்துக்கு எடுத்துவைக்கிறோம். பருவத்தில் பறிப்பது, வேண்டுமென்றே காயவைப்பது, சேமிப்பது: மூன்றும் அதில் இருக்கின்றன. ஆகவே ‘வற்றல்புல்’.

இரா.

---

ஐயா, மன்னிக்கவும், எனக்கு உடன்பாடில்லை.

‘வன்பாற்கண் வற்றல் மரந்தளிர்த் தற்று’ என்கிறது குறள் 78. வற்றல் மரம் என்றால் பட்டுப்போன மரம். அப்படியானால் வற்றல்புல் என்பது பட்டுப்போன புல், த. எச்சரித்த நெடுந்தீவுப் புல்லேதான். மேலும், புணர்ச்சி விதிப்படி அது ‘வற்றற்புல்’ என்றாகும். குதிரைக்காரர் வாயில் நுழையுமா?

ந.

---

ந. அவர்களுக்கு,

குறளை மறந்துதான் போயிருந்தேன். ஆனால் இன்று வற்றல் என்று சொன்னால் யாருக்கும் மரம் நினைவுக்கு வருவதில்லை, மணத்தக்காளிதான் வருகிறது. சொல் மரத்திலிருந்து இறங்கி அடுக்களைக்குள் வந்து வெகுநாள் ஆயிற்று. புணர்ச்சியைப் பொறுத்தவரை, வற்றற்குழம்பு என்று எந்த ஓட்டல் பலகையிலும் நான் பார்த்ததில்லை. பேச்சில் வத்தக்குழம்பு, அதுபோல வத்தப்புல்லு.

இன்று காலை லாயத்தில் குதிரைக்காரர் ஒருவரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பச்சையா அறுத்துக் காயப்போடணும், அதானே? உப்பு போடணுமா சார்?” என்று கேட்டார். முக்கால் வெற்றி என்று எடுத்துக்கொள்கிறேன்.

இரா.

---

இரா. ஐயா,

சிரித்துவிட்டேன். உப்பு புல்லில் வேண்டாம், நக்குவதற்கு உப்புக்கட்டியைத் தனியாகக் கட்டிவிடச் சொல்லுங்கள்.

என் ஓட்டு வற்றல்புல்லுக்கு. காரணம் மொழி அல்ல, பூஞ்சணம். அரைகுறையாகக் காய்ந்த வற்றல் பூத்துப்போகும் என்று எந்த வீட்டிலும் தெரியும். ஈரத்தோடு கட்டிய புல்லும் அப்படியே பூக்கும். அந்தத் தூசிதான் குதிரைக்கு இழுப்பைக் கொண்டுவருவது. பெயரே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடுகிறது.

இன்னொன்று. நம்மவர்கள் குதிரைச் சாப்பாடு என்றாலே கொள்ளு என்பார்கள். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்று பழமொழி வேறு. கொள்ளு கூட்டுதான், சோறு புல். குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். மேய்ச்சலில் விட்டால் நாளில் 16 மணி நேரம்கூட மேயும். இரண்டு வேளை கொள்ளு வைத்துவிட்டு மற்ற நேரம் வெறும் வாயோடு கட்டிப்போட்டால் இரைப்பை புண்ணாகாமல் என்ன செய்யும்? சரியாகத் தின்றால் 25 வயதைத் தாண்டி வாழும் பிராணி. பல் தேய்ந்த கிழக்குதிரைக்கு மட்டும் வற்றல்புல்லைப் பொடியாக நறுக்கி ஊறவைத்துக் கொடுக்கலாம்.

சு.

---

சரி, வற்றல்புல்லை ஏற்கிறேன். பட்டியலில் உணக்குப்புல்லையும் இணைச்சொல்லாகச் சேர்த்துவிடுங்கள். ஹேலேஜ் என்றும் ஒன்று இருக்கிறதாமே, அரைப்பதமாக வாடவைத்துப் பிறகு புளிக்கவைப்பது? அதற்கு மோர்மிளகாய்ப்புல் என்பீர்களோ?

ந.

---

ந. ஐயா, வரிசைதான் தலைகீழ்! மோர்மிளகாய் ஊறிய பிறகு காய்வது. அதைத் தனி இழையில் பேசுவோம்.

கையேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: “300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு 5 முதல் 7 கிலோ வற்றல்புல், பல வேளைகளாகப் பிரித்து. வற்றல்புல் என்பது பூக்கும் பருவத்தில் அறுத்துக் காயவைத்த புல். வைக்கோல் அன்று.”

இரா.

---

சரியாக இருக்கிறது ஐயா. ஒரே ஒரு திருத்தம். கிலோ என்று போட்டால் யாரும் நிறுக்கமாட்டார்கள், எத்தனை கட்டு என்றுதான் கேட்பார்கள். கட்டோ ஆளுக்கு ஆள் மாறும். “உங்கள் கட்டு ஒன்றை ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள்” என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சு.