மேப்பிள் விறகில் புகை போட்ட கோழி கசக்கிறது, எங்கே தப்பு?

தணல்:
வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மேப்பிள் மரத்தில் பெரிய கிளை ஒன்று காற்றில் முறிந்து விழுந்து இரண்டு மாதம் ஆகிறது. வீணாக்க மனமில்லாமல் துண்டு போட்டு வைத்திருந்தேன். மேப்பிள் புகை மெலிதாக, லேசான இனிப்போடு இருக்கும், கோழிக்கும் பன்றிக்கும் நன்றாகச் சேரும் என்று பல பேர் சொல்லக் கேட்டு, போன ஞாயிற்றுக்கிழமை மூடி போட்ட கரி கிரில்லில் ஒரு முழுக்கோழியை ஏற்றினேன். துண்டுகளை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஆறு துண்டைத் தணல்மேல் போட்டு, புகை வெளியே போய்விடக் கூடாதே என்று மூடியில் இருக்கும் காற்றுத் துளையை முக்கால்வாசி அடைத்துவிட்டேன். மூன்று மணி நேரம் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது.

பார்வைக்கு நிறம் அருமை. வாயில் வைத்தால் ஒரே கசப்பு, நாக்கு நுனி மரத்துப்போன மாதிரி இருந்தது, தோல் ரப்பராக இழுத்தது. பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. மேப்பிள் என்றாலே இப்படித்தானா? இல்லை, பாகு எடுக்கிற அந்த ஜாதி மேப்பிள்தான் வேண்டுமா?

விறகுக்கட்டு:
மரத்தின் மேல் பழி போடாதீர்கள். அது பச்சை மரம், அவ்வளவுதான். கிளை விழுந்து இரண்டு மாதம் என்கிறீர்கள், பிளந்து காற்றோட்டமாக அடுக்கி வைத்தாலே குறைந்தது ஆறு மாதம், கனமான துண்டு என்றால் ஒரு வருடம் காய வேண்டும். இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிப் பாருங்கள். காய்ந்திருந்தால் 'டக்' என்று கணீரென்று கேட்கும், ஈரம் இருந்தால் 'மொத்'தென்று அடங்கிவிடும். வெட்டிய முனையில் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், கையில் தூக்கினால் எடை குறைந்து தெரிய வேண்டும்.

ஈர விறகில் சூடு முழுக்கத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலேயே போய்விடும், மரம் சரியாக எரியாமல் குமைந்து குமைந்து புகையும். அந்தக் கெட்டி வெள்ளைப் புகையில் வருகிற தார்தான் இறைச்சியில் படிந்து கசக்கிறது. அதோடு நீங்கள் துளையையும் அடைத்தீர்கள், பழைய புகை வெளியேற வழியில்லாமல் கோழி மேலேயே சுற்றியிருக்கிறது. மேல் துளை முழுக்கத் திறந்தே இருக்கட்டும், சூட்டைக் கீழ்த் துளையால் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாக மெல்லிய புகை வந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

ஊறவைப்பதை விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே போவதே அபூர்வம். அது ஆவியாகிற வரை தாமதம், வேறு பலன் கிடையாது.

சாம்பல்மேடு:
ஜாதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாகு எடுக்கும் சர்க்கரை மேப்பிள் கெட்டி மரம், துண்டு நின்று எரியும். வெள்ளி மேப்பிள், சிவப்பு மேப்பிள் எல்லாம் கொஞ்சம் இளகிய மரம், சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் கொஞ்சம் பெரிய துண்டாகப் போடுங்கள். சுவையில் பெரிய வித்தியாசம் நான் கண்டதில்லை.

ஆனால் பாகு வாசனையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மரத்திலிருந்து வடிகிற நீரில் சர்க்கரை 2 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், சுமார் 40 லிட்டரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு, அந்த மணமே காய்ச்சும்போது பிறப்பது. புகையின் மணம் வேறு வழியில் வருகிறது: மரத்தில் உள்ள லிக்னின் சூட்டில் உடைந்து குவையகால், சிரிங்கால் என்ற பொருட்களைத் தருகிறது, செல்லுலோஸ் உடைவதில் அந்த லேசான இனிப்பு. எல்லாம் சரியாக நடக்க மரம் காய்ந்திருக்க வேண்டும், காற்று ஓட வேண்டும்.

தணல்:
இப்போதுதான் போய்த் தட்டிப் பார்த்தேன், எல்லாம் 'மொத்'. இன்னொரு சந்தேகம். அடியில் கிடந்த பழைய துண்டுகள் சிலவற்றில் பட்டையைப் பெயர்த்தால் உள்ளே அடுப்புக்கரி மாதிரி கறுப்புத் தூள் கொட்டுகிறது. பட்டையைச் செதுக்கிவிட்டுப் பயன்படுத்தலாமா?

கங்கு:
வேண்டாம், தயவுசெய்து அந்தத் துண்டுகளைத் தொடாதீர்கள். மேப்பிள் பட்டைக்கு அடியில் கறுப்புத் தூள் என்றால் அது ஒரு பூஞ்சையின் வித்துகளாக இருக்க வாய்ப்பு அதிகம், கிரிப்டோஸ்ட்ரோமா கார்ட்டிகாலே என்று பெயர். அதை மூச்சில் இழுத்தால் நுரையீரல் அழற்சி வரலாம். மேப்பிள் பட்டை உரித்த தொழிலாளர்களுக்கு இந்த நோய் வந்ததை 1932லேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, தூள் பறக்காமல் தண்ணீர் தெளித்து, மூட்டையாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஏற்கெனவே தட்டிக் கொட்டியதில் இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். நல்ல துண்டில் பட்டை இறுக்கமாக ஒட்டியிருந்தால் தொந்தரவில்லை, தொளதொளவென்று இருந்தால் உரித்துவிடலாம்.

அப்புறம் கோழி. கரியை ஒரு பக்கம் குவியுங்கள், கோழி மறுபக்கம், அதற்கு அடியில் ஒரு தட்டு, மூடியின் துளை கோழிக்கு நேர் மேலே. முஷ்டி அளவில் காய்ந்த துண்டு இரண்டு போதும், ஆறு எதற்கு? பச்சையாக, குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் இறைச்சி புகையை நன்றாக வாங்கும், அதனால் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். பன்றித் தோள்பட்டை என்றால் 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் பொறுமையாகக் கிடக்கட்டும். கோழிக்கு அந்தச் சூடு போதாது, கொழுப்பு உருகாமல் தோல் ரப்பராகும், 160 டிகிரி வரை ஏற்றுங்கள். நிறத்தைப் பார்த்து இறக்காதீர்கள், தொடையின் கனமான இடத்தில் எலும்பில் படாமல் தெர்மாமீட்டர் குத்தி 74 டிகிரி காட்டினால் இறக்கலாம்.

தணல்:
நண்பர் ஒருவர் போன வருடம் பிளந்து வைத்த மேப்பிளில் நாலு துண்டு கொடுத்தார். இரண்டு மட்டும் போட்டேன். பத்து நிமிடத்தில் வெள்ளைப் புகை அடங்கி, வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால்தான் தெரிகிற மாதிரி மெல்லிசாக நீலம் வந்தது, பிறகுதான் கோழியை வைத்தேன். கசப்பு துளிகூட இல்லை, தோல் பல்லில் மொறுமொறுவென்று உடைந்தது. கறுப்புத் தூள் துண்டுகளைத் தண்ணீர் தெளித்து மூட்டை கட்டி அகற்றியாயிற்று. மீதிப் பச்சை விறகை எல்லாம் இரண்டாகப் பிளந்து, மழை படாத இடத்தில் இடைவெளி விட்டு அடுக்கி, மேல் துண்டில் இன்றைய தேதியை எழுதி வைத்திருக்கிறேன்.