நோன்பு அதிரசத்துக்கு ஈர மாவு அரைக்க என்ன வழி?

எல்லோருக்கும் வணக்கம். தீபாவளியை ஒட்டி வரும் கேதார கௌரி நோன்புக்கு எங்கள் வீட்டில் 21 அதிரசம் வைத்துப் படைப்போம். கடையில் வாங்கிப் படைக்க மாமியாருக்கு மனசு வராது, எனக்கும்தான்.

பிரச்சினை மிக்ஸிதான். மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளை (காயில்) புதிதாகக் கட்ட 1,200 ரூபாய் கேட்கிறார்கள். பழைய மிக்ஸிக்கு அவ்வளவு செலவழிக்கலாமா? காயில் கட்டியது எத்தனை வருஷம் தாங்கும்? பிள்ளைகளுக்குத் துணி எடுத்த பிறகு கையில் 2,000 ரூபாய்தான் மிஞ்சும். வெல்லம், எண்ணெய், பச்சரிசி எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். தவணையில் புது மிக்ஸி வாங்க விருப்பமில்லை.

பாக்கெட் மாவு இதற்குச் சரிப்படாது. அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் ஈரம் தெரியும் பதத்தில் அரைக்க வேண்டும். மாவு காய்ந்திருந்தால் பாகில் சேராது, எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிடும். எங்கள் தெரு மில்லில் ஈர அரிசி வாங்க மாட்டார்கள், கல்லில் ஒட்டுமாம்.

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் ஈர அரிசி அரைத்துத் தரும் மில் இருக்கிறதா? உரலில் இடித்துச் செய்பவர்கள் இருந்தால், ஒரு கிலோவுக்கு எவ்வளவு நேரமாகும், எந்தக் கண் சல்லடையில் சலிப்பீர்கள் என்றும் சொல்லுங்கள்.