மறு: மறு: ‘கார்பன் தொட்டி’க்கு மாற்றுச்சொல் – கரிமவாங்கி?

> கடல், காடு, மண் மூன்றும் கரியமில வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பிடித்து வைப்பது தொட்டிதானே? பிள்ளைகளுக்குப் பழகிய சொல். அதை ஏன் கிளற வேண்டும்?

வணக்கம் அண்ணே,

கிளறத்தான் வேண்டும். காற்றிலுள்ள கரிமத்தை (கார்பனை) எடுத்துக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘carbon sink’ என்கிறார்கள். நம் அகராதியில் அதற்குத் ‘தொட்டி’ என்று வைப்பதா, ‘வாங்கி’ என்று வைப்பதா என்பதுதானே பேச்சு. தொட்டி என்றதும் பிள்ளை மனதில் நாலு சுவரும் ஒரு தரையும் வந்துவிடுகின்றன. நிரப்பினால் நிரம்பும், நிரம்பினால் வழியும், அவ்வளவுதான். ‘உலகின் மிகப் பெரிய கார்பன் தொட்டி எது?’ என்று கேட்டால் ‘கடல்’ என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடும். அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு கிடப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. கடலில் எவ்வளவு கரிமம் கிடக்கிறது என்பது ஒன்று. ஓராண்டில் காற்றிலிருந்து கடல் நிகரமாக, அதாவது திரும்ப விட்டது போக, எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பது இன்னொன்று. முதலாவதற்கு விடை ஏறக்குறைய 38 லட்சம் கோடி டன். இரண்டாவதற்கு விடை 300 கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு எட்டத்தில் இருக்கும் இரண்டு அளவுகளை ஒரே சொல்லால் குறித்தால் கணக்கு எப்படி விளங்கும்?

செட்டிநாட்டில் இருந்துகொண்டு பேரேட்டைச் சொல்லாமல் விட்டால் குற்றம். இருப்பு ஒரு பத்தி, ஆண்டின் பற்று வரவு வேறு பத்தி. பெட்டியடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்தவன்கூட இரண்டையும் கலக்க மாட்டான், கலந்தால் ஐந்தொகை நேராகாது. 1992-இல் உருவான ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கையும் இதைத்தான் செய்திருக்கிறது. தேங்கிக் கிடக்கும் இடத்துக்கு ஒரு சொல், காற்றிலிருந்து அகற்றும் நிகழ்வுக்கு ஒரு சொல், காற்றில் சேர்க்கும் நிகழ்வுக்கு ஒரு சொல் என மூன்றையும் தனித்தனியே வரையறுத்தது. நாம் பேசிக்கொண்டிருப்பது நடுவில் உள்ளதை. அது இடத்தின் பெயரே இல்லை. ஒரு செயல், நடவடிக்கை அல்லது பொறிமுறை என்றுதான் அந்த வரையறை தொடங்குகிறது. ஆக, தொட்டி என்பது தேங்கும் இடத்துக்கு வேண்டுமானால் பொருந்தும். அதற்கும் ‘கரிம இருப்பு’ என்பது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

மற்ற சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. ‘sink’ என்பதை அப்படியே பெயர்த்த ‘மூழ்கி’ போட்டித் தேர்வுக் குறிப்பேடுகளில் எல்லாம் வருகிறது. கார்பன் எதில் மூழ்குகிறது, யார் மூழ்குகிறார் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. முத்துக் குளிப்பவரைத்தான் அது நினைவூட்டுகிறது. ‘மடு’ அழகான சொல், ஆனால் அதுவும் பள்ளம், இடம். ‘உறிஞ்சி’ பரவாயில்லை. ஆனால் ஒரு பக்கமாக இழுப்பதை மட்டும் அது சொல்கிறது, எதிர்ப்பக்கம் போவதற்கு அதிலிருந்து ஒரு சொல்லும் கிளைக்காது.

என் வாக்கு ‘வாங்கி’க்கு. புதிதாக எதையும் செதுக்க வேண்டியதில்லை. கத்தரிக்காய் எண்ணெய் வாங்குகிறது, செம்மண் தண்ணீர் வாங்குகிறது, சுவர் ஈரம் வாங்குகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒரு பொருள் இன்னொன்றைத் தனக்குள் எடுத்துக்கொள்வதற்கு நம் வீடுகளில் நாள் முழுக்கப் புழங்கும் வினை இதுதான். ‘-இ’ ஈறு சேர்த்துப் பெயராக்கும் வழியும் இடிதாங்கி, சுமைதாங்கி என்று பழகியது. ‘ஒலிவாங்கி’ ஏற்கனவே மேடையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறது. குடும்பமும் பெருகும்: வாங்குதிறன், வாங்குவேகம், நிகர வாங்கல். தொட்டியிலிருந்து இப்படி ஒரு கிளை பிடித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

‘கரிவாங்கி’ என்று ஒருவர் முதலில் எழுதியிருந்தார். எழுத்தில் சரி. வாயில் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர் என்று ஊரே நினைக்கும். அதனால் ‘கரிமவாங்கி’. கரிமம் விவசாயிகளுக்கும் புதிதல்ல, மண் ஆய்வு அட்டையில் ‘அங்ககக் கரிமம்’ என்று ஒரு வரி இருக்கிறது.

இனி சொல்லைச் சோதித்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஊர்ச் சுவரையே எடுத்துக்கொள்கிறேன்.

செட்டிநாட்டு வீட்டின் முட்டைப் பூச்சைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நூறாண்டு கழித்தும் சில்லென்று, கண்ணாடி போல இருக்கும். அதன் அடிப்படை சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பை அரைத்துப் பூசினால், முதலில் அதன் ஈரம் காய்கிறது. அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பூசிய நாளிலிருந்து சுவர் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டே இருக்கும், மேலிருந்து உள்நோக்கி மெல்ல மெல்லக் கல்லாக மாறும். நாம் தடவிப் பார்க்கும் அந்தக் கெட்டி, காற்றிலிருந்து வந்த கரிமம் சேர்ந்த சுண்ணாம்புக்கல்தான். அப்படியானால் அரண்மனை போன்ற இந்த வீடுகள் எல்லாம் கரிமவாங்கிகளா?

இல்லை. சிப்பியையோ சுண்ணாம்புக்கல்லையோ காளவாயில் சுட்டபோதுதான் அந்தச் சுண்ணாம்பு கிடைத்தது. சுட்டபோது கல்லுக்குள் இருந்த கரியமில வாயு வெளியே போனது. பின்னால் சுவர் வாங்கிக்கொள்வது அதிகம் போனால் அதே அளவு, கூடுதலாக ஒரு குன்றிமணி கிடையாது. காளவாயில் எரித்த விறகின் புகை தனிக் கணக்கு. சுவரை மட்டும் பார்த்தால் வாங்கி. காளவாயையும் சேர்த்துப் பார்த்தால் கைக்குக் கை சரியாகப் போய்விட்டது. ஆகவே அகராதியில் வரையறை எழுதும்போது ‘குறித்த எல்லைக்குள், குறித்த காலத்தில், நிகரமாக’ என்ற மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. சொல்லைவிட இதில்தான் எனக்குப் பிடிவாதம்.

கடலுக்கும் இதே சோதனை. கடலும் காற்றும் ஆண்டுதோறும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்குவது, ஒவ்வொரு பக்கமும் 8,000 கோடி டன் கரிமத்துக்கு மேல். குளிர்ந்த துருவப் பக்கத்து நீர் வாங்குகிறது, அடர்த்தி கூடி ஆழத்துக்கு இறங்குகிறது. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஆழ்நீர் மேலே வந்து சூடாகி, வாங்கியதில் ஒரு பங்கை விடுகிறது. நுண்ணுயிர்ப் பாசிகள் ஒளிச்சேர்க்கையால் பிடித்ததில் கொஞ்சம் எச்சமாகக் கீழே விழுகிறது. எல்லாம் போக நிகரமாகக் கடல் பக்கம் நிற்பதுதான் மேலே சொன்ன தொகை. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து மனிதர் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 கோடி டன் கரிமத்தைக் காற்றில் விடுகிறோம், காடழிப்பு முதலியவை இன்னும் 100 கோடிக்கு மேல். அதில் கடல் கால் பங்கு, காடும் மண்ணும் சேர்ந்து முப்பது விழுக்காட்டுக்கு அருகில். மிச்சம் காற்றிலேயே தங்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டி நிற்பது அந்த மிச்சத்தால்தான்.

இந்த வேலையைக் கடல் சும்மா செய்யவில்லை. வாங்கிய வாயு நீரில் கரைந்து அமிலமாகிறது. மேற்பரப்பு நீரின் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடுவதைக் காட்டும் எண்) 8.2 அளவிலிருந்து 8.1 அளவுக்கு இறங்கியிருக்கிறது. எண்ணில் சிறிது, ஆனால் அமிலத் தன்மையில் கால் பங்குக்கும் மேலான ஏற்றம். சிப்பியும் பவளமும் ஓடு கட்டத் திணறுகின்றன. தமிழில் இதைச் சொல்ல ‘கடல் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறது’ என்பதைவிடப் பொருத்தமான தொடர் உண்டா? தொட்டிக்கு இந்த வசதி கிடையாது அண்ணே.

– காரைக்குடியிலிருந்து

—

> கரிமவாங்கி

ஐயா, கல்லல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘வாங்கி’ என்று பெயர் வைத்துவிட்டால், அது எப்போதும் வாங்கும் என்று நினைத்துவிட மாட்டார்களா?

எங்கள் கண்மாயைச் சொல்கிறேன். மழை பெய்து தண்ணீர் நிற்கும்போது பாசி, ஆகாயத்தாமரை, கரையோரக் கோரை எல்லாம் வளர்ந்து, செத்து, அடியில் வண்டலாகப் படிகின்றன. தண்ணீருக்கடியில் காற்றுப் படாததால் அது சீக்கிரம் மட்குவதில்லை, கரிமம் சேர்கிறது. அதே அடிச்சேற்றிலிருந்து மீத்தேனும் குமிழிவிடும். கம்பை ஊன்றி ஆட்டினால் புளுபுளுவென்று மேலே வருமே, அதில் பெரும்பங்கு அதுதான். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். சித்திரையில் கண்மாய் வற்றி மண் பாளம் பாளமாக வெடிக்கிறது. காற்றுப் புகுந்ததும் சேர்ந்த கரிமத்தில் ஒரு பகுதி மட்கி வெளியேறும். ஒரே கண்மாய்க்கு ஐப்பசியில் ஒரு பெயர், சித்திரையில் ஒரு பெயரா?

காட்டுக்கும் அதேதான். அமேசான் காட்டின் தென்கிழக்குப் பகுதி வாங்குவதைவிட அதிகமாக விடுகிறது என்று 2021-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. பாடநூலில் அமேசான் இன்னமும் ‘உலகின் நுரையீரல்’.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. உலக மண்ணின் மேல் ஒரு மீட்டரில் மட்டும் ஏறக்குறைய 1.5 லட்சம் கோடி டன் கரிமம் இருக்கிறது, காற்றில் இருப்பதைவிட அதிகம். ஆனால் நம் செம்மண்ணில் அங்ககக் கரிமம் பெரும்பாலும் அரை விழுக்காடு தேறாது. வெயிலில் மட்கு நிற்பதில்லை. போட்ட குப்பை எல்லாம் அடுத்த கோடைக்குள் காற்றாகப் போகிறது. மரம் நட்டால் போதும், மண் வாங்கிக்கொள்ளும் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு தடவை எங்கள் தோட்டத்துக்கு வந்து குழி தோண்டிப் பார்க்கட்டும்.

– கல்லலிலிருந்து

—

தேவகோட்டையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை. எதிர்ச்சொல்லைப் பற்றி யாரும் பேசவில்லையே? காற்றில் கரிமத்தைச் சேர்ப்பதற்கு நம் பட்டியலில் ‘கரிம ஊற்று’ என்று போட்டிருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஊரணியில் ஊற்றுக் கண் திறந்தால் ஊரே சந்தோஷப்படும். அனல்மின் நிலையப் புகைபோக்கிக்கு அந்தப் பெயரா? கொடுக்க வேண்டாம் ஐயா. ‘விடுவி’ என்றாலும் ஜெயிலிலிருந்து விடுவிப்பது போல இருக்கிறது.

இன்னொன்று. கடல், காடு, மண் என்று எழுதும்போது கடற்புல்லை விட்டுவிடாதீர்கள். எங்கள் பிள்ளைகள் தொண்டிக் கடற்கரைக்குப் போகிறவர்கள். பாக் விரிகுடாவில் ஆவுளியா (கடற்பசு) மேயும் புல்வெளிகள் கரிமத்தை அடிச்சேற்றில் புதைத்து வைக்கின்றன. அங்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கி.மீ. பரப்பை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். காட்டையும் கடலையும் தனித்தனிப் படமாக வரைந்தால் இது இரண்டிலும் சேராமல் போய்விடும்.

– தேவகோட்டையிலிருந்து

—

இருவருக்கும் வணக்கம்.

கல்லல் ஐயாவுக்கு: இரண்டு பெயர்தான். அதில் தயங்க என்ன இருக்கிறது? வட்டிக்கு வாங்கியவர் அடுத்த ஆண்டு வட்டிக்கு விடுகிறார். அவரை நாம் அந்தந்த ஆண்டின் கணக்கை வைத்துத்தான் சொல்கிறோம். ‘வாங்கி’ என்பதைக் கண்மாயின் சாதிப் பெயராக எடுத்துக்கொள்ளாமல், அந்தக் காலத்தில் அது செய்த வேலையின் பெயராக எடுத்துக்கொண்டால் சிக்கல் இல்லை. ‘கண்மாய் ஒரு கரிமவாங்கி’ என்று எழுதக் கூடாது. ‘ஐப்பசி முதல் தை வரை கண்மாய் கரிமவாங்கியாக இருந்தது’ என்று எழுதலாம். எடுத்துக்காட்டு வாக்கியங்களை எல்லாம் ‘ஆக’ போட்டே எழுதிவிடுவோம். மீத்தேனை இதில் கலக்க வேண்டாம் என்பது என் கருத்து. கரிமத்தின் எடையைக் கணக்கிடும்போது அது சிறு தொகை, சூட்டைக் கணக்கிடும்போது பெரும் தொகை. ‘வெப்பக் கணக்கு’ என்று வேறு பதிவு போடுவோம், கண்மாயை அங்கே மறுபடியும் அழைப்போம்.

ஆசிரியை அம்மாவுக்கு: ஊற்றை எடுத்துவிடுகிறேன், சொன்னது முழுக்க நியாயம். ‘உமிழ்வு’ செய்தித்தாள் வரைக்கும் வந்துவிட்ட சொல். அதிலிருந்தே ‘கரிம உமிழி’ என்று வைக்கலாமா? வாங்கி, உமிழி, இருப்பு. மூன்றும் மூன்றெழுத்து, நான்கெழுத்துக்குள் அடங்குகின்றன, பிள்ளைகள் வாயில் நிற்கும். கடற்புல்லும் அலையாத்தியும் ‘கரையோரக் கரிமவாங்கிகள்’ என்று தனிப் பதிவாக வரட்டும். அதை நீங்களே எழுதித் தர வேண்டும், ஆவுளியாவை விட்டுவிடாமல்.

இலங்கை நண்பர்கள் ‘காபன்’ என்று எழுதுவதால் ‘கரிமம்’ அவர்களுக்கு இடிக்கும் என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். ‘காபன்வாங்கி’ என்று அவர்கள் பக்கம் போட்டுக்கொள்ளட்டும். ஒலிவாங்கியைப் பேச்சில் நம்மைவிட அதிகம் புழங்குகிறவர்கள் அவர்கள், பின்பாதி இடிக்காது.

வேறு மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். ‘உமிழி’ பற்றித்தான் எனக்கு இன்னும் கொஞ்சம் ஐயம், எச்சில் படிக்கத்தைச் சிலர் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

– காரைக்குடியிலிருந்து